ஓர் அரசரும் ஐந்து மொழிகளும்: வங்காள சுல்தான் ஜலாலுத்தீன் முகம்மது ஷாவின் வாழ்வும் ஆட்சியும்

1. முன்னுரை

இடைக்கால வங்காளத்தை ஆண்டவர்களுள் சுல்தான் ஜலாலுத்தீன் முகம்மது ஷா (ஆட்சி: கி.பி. 1415-1416, 1418-1433) தனித்து நோக்கத்தக்கவர். இந்து நிலக்கிழார் ஒருவரின் மகனாகப் பிறந்து, இசுலாத்தைத் தழுவி, அரியணை ஏறி, அதனை இழந்து, மீண்டும் பெற்று, பதினைந்து ஆண்டுகள் நிலையாக ஆண்டவர். இவருடைய வரலாறு பெரும்பாலும் மதம் மாறிய இளவரசர் ஒருவரின் கதையாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. அக்கதையை விரிவாகக் கூறும் நூலோ இவர் இறந்து மூன்றரை நூற்றாண்டு கழிந்தபின் எழுதப்பட்டது.

இவர் காலத்துச் சான்றுகள் அளவிற் சிறியவை. பல மொழிகளில் சிதறிக் கிடப்பவை. நாணயங்களும் கல்வெட்டுகளும் அரபு மொழியில் உள்ளன. சமயப் பெரியார்களின் கடிதங்கள் பாரசீகத்தில் உள்ளன. அவையைச் சார்ந்த அறிஞரின் நூல்கள் வடமொழியில் உள்ளன. தூதுக்குழுவினரின் குறிப்புகள் சீன மொழியில் உள்ளன. நாட்டு மக்கள் பேசிய வங்காள மொழியோ இச்சான்றுகளுக்கிடையே மறைமுகமாகவே வெளிப்படுகிறது. ஒவ்வொரு மொழியிலும் இவ்வரசர் வேறுவேறு வகையில் காட்சியளிக்கிறார். இவ்வேறுபாடுகளை முரண்பாடுகள் எனக் கொண்டு ஒன்றை ஏற்று ஏனையவற்றைத் தள்ளுவதா, அல்லது அம்மொழிகளின் பயன்பாட்டுக் களங்களைக் கருத்திற் கொண்டு விளக்குவதா என்பதே இங்கு எழும் வினா. இரண்டாவது வழியே ஜலாலுத்தீனின் ஆட்சியைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

2. காலப் பின்னணி

கி.பி. 1342இல் சம்சுத்தீன் இல்யாஸ் ஷா வங்காளத்தில் தன்னாட்சி அரசை நிறுவினார். தில்லியின் மேலாண்மையை ஏற்காத இம்மரபினர், இன்றைய மேற்கு வங்காளத்தின் மால்டா மாவட்டத்திலுள்ள பாண்டுவாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். இல்யாஸ் ஷாவின் மகன் சிக்கந்தர் ஷா அங்கு எழுப்பிய ஆதினா பள்ளிவாசல், இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் பெரிய இடைக்காலப் பள்ளிவாசல்களுள் ஒன்றாகும். அவருக்குப் பின் கியாசுத்தீன் ஆசம் ஷா ஆண்டார். அவர் 1410-11 அளவில் இறந்ததும் அரசு தளர்வுற்றது. சைபுத்தீன் ஹம்சா ஷா, சிகாபுத்தீன் பாயசீத் ஷா, அலாவுத்தீன் பிரோஸ் ஷா என மூவர் ஓரிரண்டு ஆண்டுகளே ஆண்டு மறைந்தனர். நான்கைந்து ஆண்டுகளுக்குள் மூன்று அரசர்கள் மாறியதே அரண்மனையில் உண்மையான அதிகாரம் வேறொருவர் கையில் இருந்தமையைக் காட்டும். அவ்வேறொருவரே ஜலாலுத்தீனின் தந்தை.

3. தந்தையின் பெயரும் மகனின் பெயரும்

தந்தையின் பெயரிலிருந்தே மொழிச் சிக்கல் தொடங்குகிறது. பாரசீக வரலாற்று நூல்கள் அவரைக் 'கான்ஸ்' என்று குறிக்கின்றன. 1807-08 அளவில் தினாஜ்பூர் மாவட்டத்தை ஆய்ந்த பிரான்சிஸ் புக்கானன், பாண்டுவாவில் கிடைத்த பாரசீகக் கையெழுத்துப்படி ஒன்றின் வழியாக அவர் பெயரைக் 'கணேஷ்' எனப் பதிவு செய்தார். வங்காள வைணவ மரபு நூல்களும் கணேசர் என்ற பெயரையே வழங்குகின்றன. எனினும் அவற்றுட் சிலவற்றின் தொன்மை ஐயத்திற்குரியது.

பாரசீக எழுத்து முறையை அறிந்தோர்க்கு இவ்விரு வடிவங்களும் எவ்வாறு மயங்கக்கூடும் என்பது விளங்கும். பழைய பாரசீகக் கையெழுத்துப்படிகளில் ககர ஒலியையும் அதன் ஒலிப்புடை இணையையும் வேறுபடுத்தும் கூடுதல் கோடு பெரும்பாலும் இடப்படுவதில்லை. இவ்வகையில் தமிழ் எழுத்தை ஒத்த நிலையே அங்கும் நிலவியது எனலாம். சகர ஒலியைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் மேலிடும் மூன்று புள்ளிகளால் மட்டுமே வேறுபடுகின்றன. படியெடுப்போர் புள்ளிகளை விட்டுவிடுவது வழக்கம். குறில் உயிர்களுக்கு எழுத்தே இல்லை. ஆகவே 'கணேஷ்' என்று எழுதக் கருதியது 'கன்ஸ்' எனப் படிக்கப்படுவதற்கு வாய்ப்பு மிகுதி. ஆயினும் 'கணேஷ்' என்பதிலுள்ள நெடில் ஏகாரத்திற்குரிய எழுத்து மறைந்தமைக்குத் தனி விளக்கம் வேண்டும். எழுத்தமைதி ஒன்றே இங்கு முடிவான சான்றாகாது; புக்கானன் கண்ட படியும் வங்காள மரபும் சேர்ந்தே கணேசர் என்ற வடிவத்திற்கு வலுவூட்டுகின்றன.

இச்சிக்கல் வெறும் எழுத்தளவில் நின்றுவிடவில்லை. 'கான்ஸ்' என்ற வடிவம் இந்தியப் படிப்பாளர் செவியில் கண்ணனின் மாமனாகிய கம்சனை நினைவூட்டுவது. கொடுங்கோலனின் பெயரைத் தாங்கியவராக ஒருவரைப் படிப்பதற்கும், தடைகளை நீக்கும் கடவுளின் பெயரைத் தாங்கியவராகப் படிப்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. படியெடுத்தலில் நேர்ந்த ஒரு மயக்கம் ஒரு மனிதரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாக மாறக்கூடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் கருத்திற் கொள்ள வேண்டும்.

மகனின் இயற்பெயரும் ஒரே வடிவில் கிடைக்கவில்லை. குலாம் ஹுசைன் சலீம் எழுதிய ரியாஸ்-உஸ்-சலாதீன் (1787-88) அவரை 'ஜது' என்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தக்காணத்தில் எழுதிய ஃபிரிஷ்தா 'ஜித்மல்' என்கிறார். 'ஜது' என்பது 'யது' என்னும் வடமொழிப் பெயரின் வங்காள ஒலிவடிவம். மொழிமுதல் யகரம் வங்காளத்தில் ஜகரமாக ஒலிக்கும். வங்காளத்திலேயே வாழ்ந்த ரியாஸின் ஆசிரியர் ஏட்டு வடிவத்தைப் பின்பற்றாது, நாட்டார் வாயில் வழங்கிய வடிவத்தையே பாரசீக எழுத்தில் அமைத்துள்ளார்.

4. பாரசீக நூல்கள் கூறும் கதை

ரியாஸ் கூறும் கதை வருமாறு. பாதுரியாவின் நிலக்கிழாரான கான்ஸ், சுல்தானை வீழ்த்தி அதிகாரத்தைக் கைப்பற்றி, முசுலிம் பெரியோரைத் துன்புறுத்தினார். பாண்டுவாவின் புகழ்பெற்ற சூஃபியான நூர் குத்பு ஆலம், ஜவுன்பூர் சுல்தான் இப்ராகிம் ஷர்கியைப் படையுடன் வருமாறு வேண்டினார். படை நெருங்கியதும் கான்ஸ் அஞ்சிச் சூஃபியைப் பணிந்தார். இசுலாத்தை ஏற்றால் காப்பதாகச் சூஃபி கூறினார். கான்ஸ் இசைந்தும் அவர் மனைவி தடுத்தார். அதனால் பன்னிரண்டு வயது மகன் ஜதுவைச் சூஃபியிடம் ஒப்படைத்தனர். சூஃபி தாம் மென்ற தாம்பூலத்தைச் சிறுவன் வாயில் இட்டு, கலிமா ஓதச் செய்து, ஜலாலுத்தீன் எனப் பெயரிட்டு அரசனாக்கினார். ஜவுன்பூர் படை திரும்பியதும் கான்ஸ் மீண்டும் அதிகாரத்தைப் பற்றினார். பொன்னாற் செய்த பசு உருவத்தினூடே மகனைப் புகுத்தி எடுத்துத் தாய்மதம் திருப்பினார். அப்பொன்னை அந்தணர்க்குப் பகிர்ந்தளித்தார். மகனோ உள்ளத்தால் முசுலிமாகவே இருந்தான். சூஃபியின் மகன் சோனார்காவில் கொல்லப்பட்ட அன்றே கான்ஸும் இறந்தார். ஜலாலுத்தீன் மீண்டும் அரியணை ஏறி, பொற்பசுச் சடங்கில் பங்கேற்ற அந்தணரைத் தண்டித்தார்.

கதையின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், இதன் உண்மையான தலைவர் அரசர் அல்லர், சூஃபியே என்பது புலனாகும். மென்ற தாம்பூலத்தின் வழியாக அருள் கைமாறுதல் இந்தியச் சூஃபி மரபுக் கதைகளுக்கு இயல்பான கூறு. சூஃபியின் மனத்தாங்கலுக்கு ஆளான இப்ராகிம் ஷர்கி விரைவில் இறந்தார் என்றும் ரியாஸ் கூறுகிறது. ஆனால் அவர் 1440 வரை ஆண்டார் என்பது உறுதி. அருளாளரின் ஆற்றலைப் போற்றும் வகைமைக்கு உரிய செய்தியை அரசியல் வரலாற்றுச் செய்தியாகப் பெயர்த்ததனால் நேர்ந்த பிழை இது.

ஃபிரிஷ்தா கூறுவது முற்றிலும் வேறு. கான்ஸ் முசுலிம்களுடன் நட்புடன் பழகினார். அவர் இறந்தபோது முசுலிம் முறைப்படி அடக்கம் செய்யச் சிலர் விரும்பும் அளவுக்கு அந்நட்பு இருந்தது. மகன் தந்தைக்குப் பின் அரசுப் பெரியோரைக் கூட்டி, தாம் இசுலாத்தை ஏற்க விரும்புவதாகவும், அவர்கள் உடன்படாவிடின் தம்பிக்கு அரசை விட்டுத்தரத் தயங்கப் போவதில்லை என்றும் கூறினார். அவர்கள் மதம் எதுவாயினும் அரசர் அவரே என்றனர். ரியாஸில் சிறுவனுக்காகப் பிறர் செய்த முடிவு, ஃபிரிஷ்தாவிடம் வளர்ந்த மனிதர் தாமே செய்த முடிவாகிறது. இருவரும் பாரசீகத்திலேயே எழுதியவர்கள். இருவரும் நிகழ்ச்சிக்கு நெடுங்காலம் பிந்தியவர்கள். ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றதை மறுப்பதற்கு இடமில்லை.

காலத்தால் ஒட்டிய பாரசீகச் சான்றுகளும் உள்ளன. நூர் குத்பு ஆலமும் அஷ்ரப் ஜஹாங்கீர் சிம்னானியும் எழுதிய கடிதங்கள், இந்து ஒருவர் அதிகாரத்தைப் பிடித்ததனால் சூஃபிகள் உற்ற கலக்கத்தையும், ஜவுன்பூரின் உதவி நாடப்பட்டதையும் உறுதிப்படுத்துகின்றன. எனவே கதையின் அடித்தளம் உண்மை. தாம்பூலமும் பொற்பசுவும் அதன்மேல் எழுந்த கட்டுமானத்தைச் சேர்ந்தவை எனக் கொள்வது பொருந்தும்.

5. நாணயங்கள்: ஓர் ஊருக்கு இரு பெயர்கள்

ஆட்சி ஆண்டுகளை வரையறுக்க உதவுவன நாணயங்களே. ஜலாலுத்தீன் பெயரில் ஹிஜ்ரி 818, 819 ஆகிய ஆண்டுகளுக்குரிய நாணயங்கள் கிடைத்துள்ளன. ஹிஜ்ரி 820க்கு உரியது இல்லை. 821 முதல் மீண்டும் தொடர்ந்து கிடைக்கின்றன. ஹிஜ்ரி 820 என்பது கி.பி. 1417 பிப்ரவரி முதல் 1418 பிப்ரவரி வரையான காலம். இவ்விடைவெளியை ஒட்டிச் சக ஆண்டு 1339, 1340 பொறித்த வெள்ளி நாணயங்கள் தனுஜமர்தனதேவர், மகேந்திரதேவர் என்னும் இருவர் பெயரில் கிடைக்கின்றன. இவை வங்காள எழுத்தில், வடமொழியில், சண்டி தேவியின் திருவடிகளைப் பற்றியவர் என்னும் பொருள்படும் அடைமொழியுடன் அமைந்துள்ளன. சுல்தான்கள் வெளியிட்ட நாணயங்களின் வெள்ளிப் பயன்பாட்டையே இவையும் பின்பற்றின. மாறியவை மொழியும் எழுத்தும் ஆண்டுமுறையும் தெய்வப் பெயருமே.

1922இல் நளினிகாந்த பட்டசாலி வங்காள சுல்தான்களின் நாணயங்களை ஆய்ந்து வெளியிட்ட நூலில், தனுஜமர்தனர் என்பது கணேசர் அரியணை ஏறியபோது பூண்ட பெயரே என்று வாதிட்டார். 'அசுரரை அழித்தவர்' என்னும் பொருளுடைய அச்சொல் இயற்பெயராக அன்றி விருதுப் பெயராகத் தோன்றுவதும், இடைவெளி ஆண்டு பொருந்துவதும் இக்கருத்துக்குத் துணை. மகேந்திரர் யார் என்பதில் ஜதுவே என்றும், கணேசரின் மற்றொரு மகன் என்றும் கருத்து வேறுபாடு உண்டு. வேறு சிலர் இவ்விருவரும் கணேசர் குடும்பத்தினரே அல்லர், குழப்பக் காலத்தில் தலையெடுத்த வேறு தலைவர்கள் என்று கருதுகின்றனர். எவ்வாறாயினும், 1417-18இல் பாண்டுவா உட்பட மூன்று ஊர்களின் அக்கசாலைகள் வடமொழி நாணயங்களை வெளியிட்டன என்பது மறுக்க இயலாத செய்தி.

அம்மூன்று ஊர்களின் பெயர்கள் மொழியியலாளரின் தனிக் கவனத்துக்கு உரியவை. சுல்தான்களின் நாணயங்களில் பாண்டுவா 'பிரோஸாபாத்' எனப்படுகிறது. சண்டி நாணயங்களில் அதே ஊர் 'பாண்டுநகரம்'. சுல்தான்களின் நாணயங்களில் 'சுனார்காவ்' என வருவது சண்டி நாணயங்களில் 'சுவர்ணகிராமம்'. அங்கு 'சாட்காவ்' என வருவது இங்கு 'சாட்டிகிராமம்'. முதல் ஊரைப் பொறுத்தவரை ஆட்சியாளர் சூட்டிய பாரசீகப் பெயர் நீக்கப்பட்டு வேறு பெயர் இடப்பட்டது. மற்ற இரண்டு ஊர்களில் நிகழ்ந்ததோ வேறு. 'சுவர்ண' என்பதிலிருந்து 'சோனா' என்பதும், 'கிராம' என்பதிலிருந்து 'காவ்' என்பதும் மக்கள் வழக்கில் திரிந்த வடிவங்கள். அவ்வழக்கு வடிவங்களைப் பதிவு செய்தவை அரபு எழுத்து நாணயங்கள். வங்காள எழுத்து நாணயங்களோ அவ்வழக்கை விலக்கி, வடமொழிப் பழவடிவத்தை மீட்டன.

அயல் எழுத்து நாட்டு வழக்கைக் காத்தது. நாட்டு எழுத்து நாட்டு வழக்கை மறைத்தது. எழுத்தையும் மொழியையும் சமயத்தையும் ஒன்றாகக் கருதி, அரபு எழுத்து அயன்மையின் அடையாளம், வங்காள எழுத்து மண்ணின் அடையாளம் என்று பிரிப்பது இச்சான்றின் முன் நிற்காது.

6. அரபு மொழியில் அரசர்

1418இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த ஜலாலுத்தீன், வங்காள நாணயங்களில் நெடுங்காலம் இடம்பெறாதிருந்த கலிமாவை மீண்டும் பொறித்தார். முந்தைய அரசர்களுக்கு அத்தகைய வெளிப்படையான அறிவிப்புத் தேவைப்படவில்லை. அவர்கள் பிறப்பால் முசுலிம்கள். ஜலாலுத்தீனின் உரிமையோ அவர் ஏற்ற நம்பிக்கையைச் சார்ந்திருந்தது. ஆகவே அதனை ஒவ்வொரு வெள்ளி நாணயத்திலும் அறிவிக்க வேண்டியிருந்தது.

விருதுப் பெயர்களில் நேர்ந்த மாற்றமும் கருதத்தக்கது. இல்யாஸ் ஷா தம் நாணயங்களில் தம்மைக் கலீஃபா நிறுவனத்தின் வலக்கை என்றும், நம்பிக்கையாளரின் தலைவர்க்குத் துணைவர் என்றும் குறித்தார். அப்பெயர்கள் வேறொரு தலைமையை ஏற்று, அதன்கீழ்த் தம்மை வைப்பவை. ஜலாலுத்தீன் எகிப்தின் மம்லூக் சுல்தான் பர்ஸ்பாயுடன் தொடர்பு கொண்டு, அவரிடமிருந்து மதிப்பாடையும் ஏற்பும் பெற்றார். கலீஃபா மரபினர் அக்காலத்தில் கெய்ரோவில் பெயரளவில் இருந்தனர். ஆயினும் ஆட்சியின் பிற்பகுதியில், 1430ஐ ஒட்டிய நாணயங்களில், ஜலாலுத்தீன் தம்மையே 'கலீஃபத் அல்லாஹ்' எனக் குறித்தார். இதனை 'இறைவனின் பேராளர்' எனலாம். 'கலீஃபா' என்பதன் வேர்ப்பொருள் பின்வருபவர், பதிலாக நிற்பவர் என்பது. யாருக்குப் பதிலாக என்பதைப் பின்வரும் சொல்லே உணர்த்தும். இறைத்தூதரின் வழிவந்தவர் என்று கூறுவதற்கும் இறைவனின் பேராளர் என்று கூறுவதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. இரண்டையும் 'கலீஃபா' என ஒரே சொல்லால் பெயர்த்தால் இவ்வரசரின் துணிவு புலப்படாமற் போகும்.

7. வடமொழியில் அரசர்

அரபு நாணயங்களை மட்டுமே கண்டவர், இவ்வரசின் அவையில் வடமொழிக்கு இடமிருந்திராது என எண்ணக்கூடும். சான்றுகள் அதற்கு எதிராக உள்ளன. இராயமுகுடர் என்னும் விருதுப் பெயரால் அறியப்படும் பிருஹஸ்பதி மிசிரர் இக்காலத்தவர். அமரகோசத்திற்கு அவர் எழுதிய 'பதசந்திரிகை' என்னும் உரையினுள், நடப்பு ஆண்டாகச் சகம் 1353உம் கலியாண்டு 4532உம் குறிக்கப்படுகின்றன. இது கி.பி. 1431, ஜலாலுத்தீனின் ஆட்சிக்காலம். அவருடைய அறநூல் தொகுப்பான 'ஸ்மிருதிரத்னஹாரம்' அவரைப் புரந்த இராயராஜ்யதரர் என்பவரைப் புகழ்கிறது. ஜலாலுத்தீனின் பெயரும் வடமொழி வடிவேற்று அந்நூலில் இடம்பெறுகிறது. கௌட நாட்டு அரசரிடம் தாம் பெற்ற சிறப்புகளையும் பிருஹஸ்பதி கூறுகிறார். அவற்றுட் சில பின்னாளில் ருக்னுத்தீன் பார்பக் ஷா (1459-1474) வழங்கியவை என்பாரும் உளர். ஆயினும் 1431இல் அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதிலும், ஜலாலுத்தீனின் அதிகார வட்டத்தோடு தொடர்புடையவர் என்பதிலும் ஐயமில்லை.

'கலீஃபத் அல்லாஹ்' என்ற விருதுப் பெயர் நாணயங்களில் வழங்கிய அதே ஆண்டுகளிலேயே வடமொழி அகராதிக்கு இப்பேருரை எழுதப்பட்டது. அந்தணரை ஒடுக்கிய அரசராக ரியாஸ் காட்டும் படிமத்தோடு இது எளிதிற் பொருந்தாது. 'இராயமுகுட' என்ற விருதும் நோக்கத்தக்கது. 'ராய' என்பது 'ராஜ' என்பதன் பிராகிருதத் திரிபு, 'முகுடம்' வடமொழி. வழக்குச் சொல்லும் வடசொல்லும் புணர்ந்த இத்தொடர், அக்காலத்து அவைமொழியின் கலப்பினைச் சிறு அளவில் காட்டுகிறது.

வங்காளத்து அமரகோச உரை மரபு இதற்கும் முந்தியது. வந்தியகடீய சர்வானந்தர் 1159இல் எழுதிய 'டீகாசர்வஸ்வம்' என்ற உரையில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டு வழக்குச் சொற்கள் விளக்கமாகத் தரப்பட்டுள்ளன. பழைய வங்காளச் சொல்வளத்தை அறிய அது முதன்மையான சான்று. அவ்வுரையின் படிகள் கேரளத்தில் கிடைத்து, திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் வெளிவந்தன. வங்காளச் சொற்கள் தென்னாட்டு ஏடுகளில் காக்கப்பட்டமை, அரசியல் எல்லைகளைக் கடந்து அகராதி மரபு இயங்கியதற்குச் சான்றாகும். இராயமுகுடர் நின்றது அந்நெடிய மரபிலேயே; அம்மரபு ஆட்சி மாற்றத்தால் அறுபடவில்லை.

8. சீனக் குறிப்புகளும் வங்காள மொழியும்

மிங் பேரரசுடன் வங்காளம் நெருங்கிய தூதுறவு கொண்டிருந்தது. 1414இல் வங்காளத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒட்டகச்சிவிங்கி சீன அவையில் பெரும் வியப்பை விளைவித்தது. 1415இல் ஹௌ சியான் தலைமையில் வந்த தூதுக்குழுவைச் சேர்ந்த ஃபெய் சின், பாண்டுவா அவையின் சிறப்பை எழுதியுள்ளார். ஜவுன்பூரின் படையெடுப்பைப் பற்றி வங்காளம் முறையிட்டதனால், 1420இல் ஹௌ சியான் மீண்டும் அனுப்பப்பட்டு ஜவுன்பூர் அரசரை அமைதிப்படுத்தினார் என மிங் வரலாறு குறிக்கிறது. ஹிராத்தின் தைமூரிய அரசர் ஷாருக்கும் இப்ராகிம் ஷர்கியை எச்சரித்தார் என அப்துர் ரசாக் சமர்கந்தி எழுதுகிறார். ரியாஸ் ஒரு சூஃபியின் அருட்செயலால் முடிந்ததாகக் கூறும் பகை, இச்சான்றுகளின்படி இரண்டு பேரரசுகளின் தலையீட்டை நாடிய நெடிய அரசுறவுச் சிக்கலாக இருந்தது.

சீனச் சான்றுகளுள் மொழியியலாளர்க்கு மிக மதிப்புடையது மா ஹுவானின் குறிப்பு. அவர் கடற்பயணக் குழுவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய முசுலிம். வங்காளத்தைப் பற்றி எழுதுகையில், அங்குப் பரவலாக வழங்குவது வங்காள மொழியே என்றும், பாரசீகம் பேசுவோரும் உளர் என்றும் அவர் கூறுகிறார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நேரிற் கேட்டுணர்ந்த செய்தியாதலால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. அரசரின் அறிவிப்புகள் அரபிலும், சமயப் பெரியோரின் மடல்கள் பாரசீகத்திலும், பண்டிதரின் உரைகள் வடமொழியிலும் இருந்த நாட்டில், எல்லோரும் பேசியது வங்காளமே என்பதை வெளியார் ஒருவரே சொல்ல வேண்டியிருந்தது. அரசரும் கைக்குழந்தையாய்க் கேட்டு வளர்ந்தது அம்மொழியாகவே இருந்திருக்கும். ஆனால் அம்மொழியில் அவர் பெயர் தாங்கிய எழுத்து எதுவும் இன்று இல்லை.

கிருத்திவாசரின் வங்காள இராமாயணத்தோடு சேர்த்து வழங்கும் தன்வரலாற்றுப் பகுதியில், புலவர் 'கௌடேசுவரர்' அவைக்குச் சென்றதாக வருகிறது. அரசர் பெயர் சொல்லப்படவில்லை. அவர் கணேசரே என்பர் சிலர். பார்பக் ஷா என்பர் வேறு சிலர். அப்பகுதியின் பழமையே ஐயத்திற்குரியதாதலால் இதனைக் கொண்டு ஆட்சிக்காலம் கணித்தல் இயலாது. உறுதியாகச் சொல்லக்கூடியது, பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வங்காளம் அரசவையின் நேரடி மதிப்பைப் பெற்றது என்பது. 1473க்கும் 1480க்கும் இடையே ஸ்ரீகிருஷ்ணவிஜயத்தை இயற்றிய மாலாதர் பாசு, கௌட அரசரிடமிருந்து குணராஜ் கான் என்ற விருது பெற்றார். அலாவுத்தீன் ஹுசைன் ஷாவின் காலத்தில் (1494-1519) சிட்டகாங் பகுதியை ஆண்ட பராகல் கான், கவீந்திர பரமேசுவரரைக் கொண்டு மகாபாரதத்தை வங்காளத்தில் ஆக்குவித்தார். ஜலாலுத்தீனின் ஆட்சி அம்மாற்றத்திற்கு முற்பட்ட நிலையைக் குறிக்கிறது: அவையில் பல மொழிகள் இடம்பெற்றன, நாட்டுமொழி இன்னும் வாயிலிலேயே நின்றது.

9. இறுதிக் காலமும் கட்டடச் சான்றும்

ஜலாலுத்தீனின் ஆட்சியில் அரசின் எல்லை தென்கிழக்கே விரிந்தது. இன்றைய பரீத்பூர்ப் பகுதியிலுள்ள பதேகாபாத்தில் அவர் பெயரில் நாணயங்கள் அடிக்கப்பட்டன. நாட்டை இழந்து வங்காளத்தில் அடைக்கலம் புகுந்திருந்த அரக்கான் அரசர் மின் சாவ் மோன், வங்காளப் படையின் துணையுடன் 1430 அளவில் மீண்டும் அரியணை பெற்று, மிராவுக் ஊ நகரை நிறுவினார். தலைநகரைப் பாண்டுவாவிலிருந்து கௌடத்திற்கு மாற்றியவர் ஜலாலுத்தீனே என ரியாஸ் கூறுகிறது. அவர் 1433இல் மறைந்தார். மகன் சம்சுத்தீன் அகமது ஷா சில ஆண்டுகளே ஆண்டு, அடிமைகளான அலுவலர்களால் கொல்லப்பட்டார். அத்துடன் கணேசர் மரபு முடிவுற்று, இல்யாஸ் ஷா மரபினர் நசிருத்தீன் மகமூதின் வழியே மீண்டும் ஆட்சி பெற்றனர்.

பாண்டுவாவிலுள்ள ஏக்லாகி நினைவு மண்டபம் ஜலாலுத்தீன், அவர் மனைவி, மகன் ஆகியோரின் அடக்கத்தலம் எனப் போற்றப்படுகிறது. ஓர் இலட்சம் செலவில் எழுந்ததனால் அப்பெயர் பெற்றது என்பது வழக்கு. சதுர வடிவில், ஒற்றைக் குவிமாடத்துடன் செங்கல்லால் கட்டப்பட்டது அது. அதன் மேல்விளிம்பு வங்காளக் குடிசையின் மூங்கிற் கூரை போல் வளைந்துள்ளது. சுவர்களில் சுடுமண் அணிவேலைப்பாடு மிகுந்துள்ளது. இவ்வமைப்பே பின்வந்த வங்காளப் பள்ளிவாசல்களுக்கும், அதற்கும் பின்வந்த சுடுமண் கோயில்களுக்கும் முன்மாதிரியாயிற்று. எழுத்தில் இடம்பெறாத நாட்டு வழக்கு, கட்டடத்தில் இடம்பெற்றுவிட்டது எனலாம்.

10. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளை ஒருங்கு நோக்கும்போது சில முடிவுகளுக்கு வரலாம். ஜலாலுத்தீன் அரபில் பேசியது முசுலிம் உலகின் பிற அரசுகளோடும், தம் உரிமையை ஐயுற்ற உள்நாட்டுப் பெரியோரோடும். வடமொழியில் அவர் பெயர் வழங்கியது, அவருடைய அரசில் பதவி வகித்த இந்து மேன்மக்களிடையேயும் பண்டிதரிடையேயும். சீனத்தில் அவரது அரசு தோன்றுவது தூதுறவுக் களத்தில். பாரசீக வரலாற்று நூல்களில் தோன்றும் ஜலாலுத்தீனோ, சூஃபி மரபின் பெருமையை நிறுவப் பின்னோர் அமைத்த கதைமாந்தர். இவை நான்கும் ஒரே மனிதரைப் பற்றியனவாயினும் ஒரே கூற்றின் நான்கு மொழிபெயர்ப்புகள் அல்ல. வேறுவேறு கேட்போர்க்கெனத் தனித்தனியே அமைந்த கூற்றுகள்.

மத மாற்றம் என்ற ஒரே நிகழ்ச்சியைக் கொண்டு இவ்வாட்சி முழுவதையும் அளப்பது பிற்கால நூலொன்றின் நோக்கை அதற்கு மூன்றரை நூற்றாண்டு முற்பட்ட காலத்தின்மேல் ஏற்றுவதாகும். அந்நூல் 1902க்கும் 1904க்கும் இடையே அப்துஸ் சலாமால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. எளிதிற் கிடைத்ததனாலேயே அதன் கதை பாடநூல்கள் வரை பரவியது. நாணயத்தின் ஒரு வரியும், உரைநூலினுள் வரும் ஓர் ஆண்டுக் குறிப்பும், பயணியின் ஒரு தொடரும் அவ்வாறு பரவவில்லை. எது மொழிபெயர்க்கப்படுகிறதோ அதுவே வரலாறாக நிலைபெறுகிறது என்பதற்கு ஜலாலுத்தீனின் வாழ்வு தெளிவான எடுத்துக்காட்டு. சிதறிக் கிடக்கும் சிறு சான்றுகளையும் அவற்றின் மொழிக்களம் மாறாமல் பெயர்த்து, அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பை இந்திய மொழிகளில் உருவாக்குதல் மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள பணியாகும்.